குவாஷுக்கு எந்தப் பென்சில்?

அல்ட்ராமரைன் நீலத்தை எடுத்துக்கொள்வோம். அந்த குவாஷ் ட்யூபின் மேல் சிறிய எழுத்தில் பிபி29 என்று அச்சிட்டிருப்பார்கள். உலகம் முழுக்க அந்த நிறமிக்கு அதுதான் அடையாளக் குறி. அதே நிறமியைப் போட்டுச் செய்த கலர் பென்சிலும் கிடைக்கிறது. குவாஷில் ஒரு வானத்தைத் தீட்டி, நன்றாகக் காயவிட்டு, அதன் மேல் அந்தப் பென்சிலால் ஒரு கோடு இழுத்தால் என்ன ஆக வேண்டும்? இரண்டிலும் நிறமி ஒன்றே என்பதால் கோடு வானத்தோடு கலந்து காணாமல் போக வேண்டும். ஆனால் கோடு தெளிவாகத் தெரிகிறது. வானத்தைவிட ஆழமான, ஈரம் காயாதது போன்ற நீலமாகத் தெரிகிறது. தாளை விளக்கை நோக்கிச் சற்றுச் சாய்த்தால் அதே கோடு பளபளத்து, வானத்தைவிட வெளிறிப் போகிறது.

குவாஷில் ஸ்கெட்ச் போடுகிறவர்களுக்கு இது பழகிய சங்கதிதான். சுவர், வானம், நிழல் என்று பெரிய பரப்புகளைத் தூரிகையால் முடித்துவிட்டு, ஓட்டு வரிசை, ஜன்னல் கம்பி, இலை நரம்பு போன்றவற்றைப் பென்சிலால் போடுவது வேகமான, அழகான முறை. பென்சில் வாங்கப் போகும்போதுதான் சிக்கல். தன்னிடம் உள்ள ஒவ்வொரு ட்யூபுக்கும் இணையாக ஒரு பென்சில் வேண்டும் என்று நினைத்து 72 நிறப் பெட்டியை வாங்கிவிடுகிறார்கள். அந்தப் பெட்டியில் பாதிக்கு மேல் இந்த வேலைக்கு உதவாது. பென்சிலின் நிறத்தை குவாஷின் நிறத்தோடு பொருத்திப் பார்த்து வாங்குவதே பிழையான வழி என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஏன் என்று புரிய, நிறமித் துகள்களுக்கு நடுவே உள்ள இடைவெளிக்குள் போக வேண்டும்.

நம் பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் போஸ்டர் கலர் குவாஷுக்கு நெருங்கிய உறவு. எந்தப் பெயின்டானாலும் அதில் அடிப்படையாக இரண்டு பொருள்கள் உண்டு. நிறம் தரும் நுண்துகளான நிறமி ஒன்று. துகள்களை ஒன்றோடொன்றும் தாளோடும் ஒட்டவைக்கும் பிணைப்பான் இன்னொன்று. குவாஷில் பிணைப்பான் என்பது ஆப்பிரிக்க வேலமரத்திலிருந்து எடுக்கும் அரேபியப் பிசின். வாட்டர் கலரிலும் அதே பிசின்தான். வேறுபாடு அளவில் இருக்கிறது. குவாஷில் நிறமி மிக அதிகம். சில தயாரிப்பாளர்கள் சுண்ணத்தூளையும் சேர்ப்பார்கள். தண்ணீர் ஆவியான பிறகு மிஞ்சும் பிசின், துகள்களை ஆங்காங்கே ஒட்டிப்பிடிக்கப் போதும். அவற்றுக்கு நடுவே உள்ள எல்லா இடத்தையும் நிரப்பப் போதாது. நிரம்பாத இடங்களில் காற்று புகுந்துகொள்கிறது. காய்ந்த குவாஷ் என்பது, ஆக, நிறமியும் காற்றும் கலந்த ஓர் அடுக்கு.

கலர் பென்சிலின் தண்டு வேறு விதமாகப் பிறக்கிறது. நிறமியோடு களிமண் அல்லது டால்க் போன்ற நிரப்பி, கொஞ்சம் செல்லுலோஸ் பசை, மெழுகு அல்லது எண்ணெய்க் கொழுப்பு ஆகியவற்றைப் பிசைந்து, துளை வழியே அழுத்திக் கம்பியாக எடுத்து உலர்த்துகிறார்கள். சாதாரணக் கறுப்புப் பென்சிலின் தண்டைச் சூளையில் ஏறத்தாழ 1000 டிகிரி செல்சியஸில் சுடுவார்கள். கலர் பென்சிலை அப்படிச் சுட்டால் நிறமிகள் பல கருகிவிடும், மெழுகும் எரிந்துபோகும். அதனால் அது சுடாமலேயே கடைக்கு வருகிறது. எழுதும்போது தாளில் படிவது மெழுகுக்குள் மூழ்கிய நிறமி. அங்கே காற்றுக்கு அதிக இடமில்லை.

இந்த ஒரு வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதற்கு டீக்கடையில் சாட்சி இருக்கிறது. பஜ்ஜியைச் செய்தித்தாளில் வைத்துத் தருகிறார்கள். எண்ணெய் ஊறிய இடத்தில் தாள் கண்ணாடி போல ஆகி, அடுத்த பக்கத்து எழுத்து தெரிகிறது. எண்ணெய் தாளிலிருந்து எதையும் எடுத்துவிடவில்லை. தாளின் இழைகள் அப்படியே இருக்கின்றன. இழைகளுக்கு நடுவே இருந்த காற்றை எண்ணெய் வெளியேற்றிவிட்டது, அவ்வளவுதான். குவாஷ் என்பது எண்ணெய் படாத தாள். பென்சில் பூச்சு எண்ணெய் ஊறிய இடம்.

ஏன் இப்படி? ஒளி ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குள் நுழையும்போது அதன் வேகம் மாறுகிறது. வேகம் எவ்வளவு குறைகிறது என்பதைச் சொல்லும் எண்ணுக்கு ஒளிவிலகல் எண் என்று பெயர். காற்றுக்கு 1, தண்ணீருக்கு 1.33, மெழுகுக்கும் சமையல் எண்ணெய்க்கும் 1.45 முதல் 1.47 வரை, சுண்ணத்தூளுக்குச் சராசரியாக 1.6. எல்லையின் இரு பக்கத்திலும் இந்த எண்கள் எவ்வளவு விலகி இருக்கின்றனவோ, அவ்வளவு ஒளி அந்த எல்லையில் திரும்பிவிடும். நெருங்கி இருந்தால் ஒளி எல்லையைக் கண்டுகொள்ளாமல் கடந்து போகும். காற்றில் கிடக்கும் சுண்ணத்துகள் மேல் நேராக விழும் ஒளியில் 5 சதவீதம் போலத் திரும்புகிறது. அதே துகளை மெழுகில் மூழ்கவைத்தால் கால் சதவீதம்கூடத் திரும்புவதில்லை. ஒரு துகளில் இவ்வளவு என்றால், ஆயிரக்கணக்கான துகள்களை அடுத்தடுத்துக் கடக்கும் ஒளிக்கு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். காற்றுள்ள அடுக்கில் ஒளி அங்குமிங்கும் சிதறி, அடியில் உள்ளதைப் பார்க்காமலேயே மேலே திரும்பிவிடுகிறது. அதைத்தான் ‘நன்றாக மறைக்கிறது’ என்கிறோம். மெழுகுள்ள அடுக்கில் ஒளி ஆழமாகப் போய், வழியெல்லாம் நிறமியால் உறிஞ்சப்பட்டு, அடித்தளத்தைத் தொட்டு, அதன் நிறத்தையும் சுமந்துகொண்டு திரும்புகிறது.

பெயின்ட் அடுக்குக்குள் ஒளிக்கு நேர்வதை உறிஞ்சுதல், சிதறுதல் என்ற இரண்டே அளவுகளால் விளக்கலாம் என்று 1931இல் காட்டியவர்கள் பால் குபெல்கா, ஃபிரான்ஸ் முங்க் என்ற இருவர். இன்றைக்கும் பெயின்ட் கடையில் கணினி நிறம் கலந்து தருவதற்கு அடியில் அவர்களின் முறை இருக்கிறது. இடைவெளியைப் பற்றிய புரிதல் 1949இல் வந்தது. ஆஸ்பெக், வான் லூ என்ற ஆய்வாளர்கள் பெயின்டில் நிறமியின் பங்கைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போனார்கள். ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் பளபளப்பு, ஈரம் ஊடுருவும் தன்மை, அடியிலுள்ள இரும்பு துருப்பிடிக்கும் வேகம் எல்லாமே சட்டென்று மாறுவதைக் கண்டார்கள். பிணைப்பான் இடைவெளிகளை நிரப்பப் போதாமல் போகும் புள்ளி அதுதான். அதற்கு நிறமியின் மாறுநிலைப் பங்கு என்று பெயர் வைக்கலாம். வீட்டுக்கதவுக்கு அடிக்கும் எனாமல் அந்தப் புள்ளிக்குக் கீழே நிற்கிறது. குவாஷ் அதற்கு மேலே.

இதை நம்புவதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. முதலில் சொன்ன நீல வானத்தில், பென்சில் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீரைத் தேய்க்காமல் மெல்ல வையுங்கள். சொட்டு ஊறிய இடத்தில் குவாஷ் கறுத்து ஆழமாகி, பென்சிலின் நீலத்தை நோக்கி நகரும். காய்ந்ததும் பழைய வெளிறலுக்குத் திரும்பிவிடும். நிறமி மாறவில்லை, காற்று போய்த் தண்ணீர் வந்தது, தண்ணீர் போய்க் காற்று வந்தது. அடர்ந்த குவாஷ் நிறங்கள் காயும்போது வெளிறிப்போகின்றன என்று எல்லோரும் சொல்லும் குறைக்கும் இதுதான் காரணம். முடிந்த ஓவியத்தின் மேல் வார்னிஷையோ ஃபிக்ஸட்டிவையோ கனமாக அடித்தால் நிறமெல்லாம் கறுத்துவிடுவதும் இதனால்தான். அவற்றில் உள்ள பிசின் இடைவெளிக்குள் இறங்கி நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது, தண்ணீரைப் போல வெளியே வருவதில்லை. பென்சில் வேலையைக் காப்பாற்ற வேண்டுமென்று ஸ்ப்ரேயைக் கையில் எடுப்பவர்கள் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

இனி தேர்வுக்கு வருவோம். பென்சில் பூச்சு பெரும்பாலும் ஒளியை ஊடே விடும் பூச்சு என்றால், அது தன் நிறத்தை அடியிலுள்ள நிறத்தின் மேல் வைப்பதில்லை. அடியிலிருந்து வரும் ஒளியிலிருந்து ஒரு பகுதியைக் கழித்துவிடுகிறது. எலுமிச்சை மஞ்சள் பென்சிலை அடர்நீல குவாஷ் மேல் எவ்வளவு அழுத்தித் தேய்த்தாலும் மஞ்சள் வெளிச்சம் வராது; மங்கலான பச்சைக் கறை வரும். நீலம் விட்டுவைத்த கொஞ்ச ஒளியிலும் மஞ்சள் ஒரு பகுதியை எடுத்துக்கொள்கிறது. வெளிச்சமாக்க வேண்டும் என்று போட்ட கோடு இருட்டாக்கிவிடும். எனவே பென்சிலின் இயல்பான வேலை ஆழப்படுத்துவது. வெளிர்நிற குவாஷ் பரப்பின் மேல் அதைவிட ஒரு படி அடர்ந்த, அதே குடும்பத்துப் பென்சில் அற்புதமாக வேலை செய்யும். மங்களூர் ஓட்டுக் கூரையை வெளிர் செங்காவியில் தீட்டி, ஓட்டு விளிம்புகளுக்குக் கருஞ்சிவப்பும் அடர்பழுப்பும் போட்டுப் பாருங்கள். பென்சில் ஊடே தெரிவதால், ஒவ்வொரு ஓட்டின் நிழலிலும் கூரையின் நிறமே தொடர்ந்து வரும். தூரிகையால் அந்த நிழலைப் போட்டால் ஒட்டவைத்தது போல இருக்கும்.

அப்படியானால் இருட்டின் மேல் வெளிச்சத்துக்கு என்ன செய்வது? மெழுகுக்குள் மூழ்கிய பிறகும் ஒளியைச் சிதறடிக்கும் நிறமி ஒன்று வேண்டும். டைட்டேனியம் டை ஆக்ஸைடு அத்தகையது. அதன் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 2.7. மெழுகின் 1.45க்கும் அதற்கும் இடையே பெரிய தூரம் இருப்பதால், மெழுகுக்குள்ளும் ஒரு துகளில் 9 சதவீத ஒளி திரும்புகிறது. மெழுகில் மூழ்கிய சுண்ணத்தூளின் கால் சதவீதத்தோடு ஒப்பிட்டால் இதன் வலிமை புரியும். மலிவான பெட்டிகளில் வரும் வெள்ளைப் பென்சில் கறுப்புத் தாளில் ஒன்றுமே பதியாமல் போவதற்குக் காரணம் அதில் நிரப்பி மிகுந்து, டைட்டேனியம் குறைந்திருப்பதுதான். நிரப்பி காற்றில் வெள்ளையாக இருக்கும், மெழுகில் மறைந்துவிடும். பணம் செலவழிக்க வேண்டிய பென்சில் எது என்று ஒருவர் என்னிடம் கேட்டால் தயங்காமல் வெள்ளை என்பேன். அடுத்து, வெள்ளை கலந்த வெளிர்நிறங்கள்: கிரீம், வெளிர்நீலம், இளஞ்சாம்பல், வெளிர்ப்பச்சை. இவற்றில் டைட்டேனியம் பெரும்பாலும் இருக்கும் என்பதால் அடர்ந்த குவாஷ் மேலும் நிற்கும். இருண்ட மரத்தின் மேல் மாலை வெயில் படும் இலைகளுக்குப் பளிச்சென்ற மஞ்சள் பென்சிலைவிடக் கிரீம் பென்சில் நன்றாக உதவும்.

கடையில் வாங்கும் முன் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. வெள்ளை அட்டையில் நீரில் கரையாத கறுப்புப் பேனாவால் ஒரு தடித்த பட்டை போட்டு எடுத்துப் போங்கள். பென்சிலால் வெள்ளையிலிருந்து பட்டையைக் கடந்து மறுபக்கம் வரை ஒரே அழுத்தத்தில் தேய்த்துப் பாருங்கள். பட்டைக்கு மேல் கோடு எவ்வளவு தெரிகிறதோ அவ்வளவு மறைக்கும் திறன். பெயின்ட் தொழிற்சாலைகளிலும் கறுப்பு, வெள்ளை அச்சிட்ட அட்டையின் மேல் பூசி, இரு பகுதிகளின் வெளிச்சத்தையும் ஒப்பிட்டுத்தான் இதை அளக்கிறார்கள்.

கோடுகளை அடுக்கும் விதத்திலும் ஓர் இயற்பியல் இருக்கிறது. பென்சிலை அழுத்தி ஒரே பரப்பாகத் தேய்த்தால் மேலே சொன்ன கழித்தல் நடக்கும். தனித்தனிக் கோடுகளாக, நடுவில் இடம் விட்டு இழுத்தால் வேறொன்று நடக்கும். மனிதக் கண்ணால் பிரித்தறிய முடிந்த மிகச் சிறிய கோணம் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. அரை மில்லிமீட்டர் கோடுகளைக் கையில் வைத்துப் பார்த்தால் தனித்தனியாகத் தெரியும். இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் கலந்துவிடும். அப்படிக் கலப்பது கண்ணுக்குள் ஒளிகள் சேர்வது. இந்த இரண்டு கலப்பும் ஒன்றல்ல என்று 1852இல் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ். நீலச் சாயமும் மஞ்சள் சாயமும் கலந்தால் பச்சை; நீல ஒளியும் மஞ்சள் ஒளியும் சேர்ந்தால் வெள்ளைப் பக்கம் போகும். நீல குவாஷ் மேல் ஆரஞ்சுக் கோடுகளை இடம் விட்டு இழுத்தால் எட்டி நின்று பார்க்கும்போது உயிருள்ள ஒரு சாம்பல் கிடைக்கிறது. அதே ஆரஞ்சை முழுக்கத் தேய்த்தால் சேறுதான்.

கிட்டே நின்று பார்க்கும்போதும் அந்த ஆரஞ்சுக் கோடுகள் ட்யூபில் இருக்கும் ஆரஞ்சைவிடச் சூடாகத் தெரியும். பாரிஸின் கோப்லான் திரைச்சீலை ஆலையில் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்த வேதியியலாளர் செவ்ரேல், கறுப்பு நூலில் கறுப்பு போதவில்லை என்ற புகாரை ஆராயப் போய், பக்கத்து நிறமே நூலின் நிறத்தை மாற்றிக் காட்டுகிறது என்று கண்டறிந்தார். 1839இல் அவர் வெளியிட்ட நூல் ஓவியர்களின் கையேடாகிவிட்டது. எதிர்நிறங்கள் அருகருகே வரும்போது ஒன்றையொன்று உயர்த்தும். குளிர்ந்த நிறங்களில் ஸ்கெட்ச் போடுகிறவர், அதே நீலங்களைப் பென்சிலிலும் வாங்கிக் குவிக்காமல், ஒரு செங்காவி, ஒரு வெளிர் ஆரஞ்சு வைத்திருந்தால் பலன் அதிகம்.

மேற்பரப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். காய்ந்த அடர்நீல குவாஷ் மேல் நகத்தால் ஒரு கீறு கீறினால் கறுத்த, மினுமினுக்கும் கோடு ஒன்று விழும். பென்சிலே படவில்லை, ஆனாலும் கோடு வந்துவிட்டது. மேடும் பள்ளமுமான பரப்பு எல்லாத் திசையிலும் கொஞ்சம் வெள்ளை ஒளியைத் திருப்பி அனுப்பி நிறத்தை வெளிறச் செய்துகொண்டிருந்தது. நகம் அந்த மேடுகளை அழுத்திச் சமமாக்கியதும், திரும்பும் ஒளி ஒரே திசையில் போய்விட்டது. மற்றத் திசைகளிலிருந்து பார்த்தால் இடம் கறுத்துத் தெரிகிறது. அந்த ஒரு திசையிலிருந்து பார்த்தால் பளபளக்கிறது. கடினமான தண்டுள்ள பென்சில் இதையே செய்யும். நிறத்தைப் படியவைப்பதற்குப் பதிலாகக் குவாஷை மெருகேற்றிவிட்டுப் போகும். குவாஷின் நுண்ணிய சொரசொரப்பு மென்மையான தண்டிலிருந்து தாராளமாக உரசி எடுத்துக்கொள்கிறது, அழுத்தமே தேவையில்லை. மென்மையான மெழுகுத் தண்டுக்குப் பெயர்போனது 1938இல் அமெரிக்காவில் வந்த பிரிஸ்மாகலர். எண்ணெய்ப் பிணைப்புக்கு, 1908 முதல் வரும் ஃபாபர் காஸ்டெலின் பாலிக்ரோமோஸைச் சொல்வார்கள். அது சற்றே கெட்டி, கூர்முனை நெடுநேரம் நிற்கும். ஜன்னல் கம்பிக்கு அது, பரந்த வெளிச்சத்துக்கு மென்தண்டு என்று கலந்து வைத்துக்கொள்ளலாம். மெழுகுப் பென்சிலை அழுத்திப் போட்ட இடத்தில் சில வாரம் கழித்து வெண்புகை போன்ற படலம் வரக்கூடும். மெழுகின் ஒரு பகுதி மேலே ஏறிப் படிகமாகிவிட்டது. மென்துணியால் ஒற்றினால் போய்விடும். துடைக்கும்போது பக்கத்துக் குவாஷைத் தொட்டுவிடக் கூடாது, மெருகு ஏறிவிடும்.

எது முதலில் என்ற கேள்விக்கு விடை எளிது: குவாஷ் முதலில், பென்சில் பிறகு. மெழுகு தண்ணீரை ஒட்டவிடாது. பாடிக் துணியில் மெழுகு பூசிய இடத்தில் சாயம் ஏறாததைப் போலவே, பென்சில் மேல் குவாஷ் முத்துமுத்தாகத் திரண்டுகொள்ளும். முதல் கோட்டையும் நிறப் பென்சிலால் போட விரும்பினால் நீரில் கரையும் பென்சில் நல்லது. 1931இல் ஸ்விட்சர்லாந்தின் கரன் டாஷ் கொண்டுவந்த பிரிஸ்மாலோ அந்த வகையில் முன்னோடி. கோடு குவாஷோடு கரைந்து சேர்ந்துவிடும். வெளியில் உட்கார்ந்து குவாஷில் தீட்டும் அமெரிக்க ஓவியர் ஜேம்ஸ் கர்னி இத்தகைய பென்சிலால் முதல் கோட்டைப் போடுவார். ஆனால் அதே பென்சிலைக் காய்ந்த குவாஷ் மேல் போட்டுவிட்டு ஈரத் தூரிகையால் கரைக்க முயல வேண்டாம். அரேபியப் பிசின் மறுபடி கரையும் பிசின். அடியிலுள்ள குவாஷும் கிளம்பி வந்துவிடும். அக்ரிலிக் பிணைப்புள்ள குவாஷில் மட்டும் அந்தப் பயம் இல்லை.

கடைசியாக, காலம். ட்யூபும் பென்சிலும் ஒரே படத்தில் இருக்கும்போது இரண்டும் ஒரே வேகத்தில் மங்குவதில்லை. ஒளியின் ஆற்றல், குறிப்பாகப் புற ஊதாவும் நீலமும், சில நிறமி மூலக்கூறுகளின் பிணைப்பை உடைத்துவிடுகிறது. உடைந்த மூலக்கூறு அந்த நிறத்தைத் தருவதில்லை. இதைத் தாங்கும் திறனை ஒளிநிலைப்பு என்கிறோம். வெவ்வேறு சாயமிட்ட எட்டுக் கம்பளித் துண்டுகளைப் பக்கத்தில் வைத்து, எந்தத் துண்டு மங்கும்போது நிறமும் மங்குகிறது என்று பார்த்து 1 முதல் 8 வரை மதிப்பிடுவது பழைய, நம்பகமான முறை. கலர் பென்சில்களுக்கென்றே ஏ.எஸ்.டி.எம். டி6901 என்ற அமெரிக்கத் தரநிலை இருக்கிறது. கரன் டாஷ் தன் லூமினன்ஸ் வரிசைக்கு அந்த எண்ணையே சூட்டியிருக்கிறது. தரக்குறி இல்லாத பென்சிலை வைத்திருப்பவர்கள், ஒரு தாளில் எல்லா நிறங்களையும் பட்டையாகத் தேய்த்து, பாதியை அலுமினியத் தாளால் மூடி, வெயில் படும் ஜன்னலில் ஒட்டிவிடலாம். நம் ஊர் வெயிலில் சில மாதம் போதும். அலுமினியத்தை உரிக்கும்போது முதலில் ரோஜா நிறங்களையும் ஊதாக்களையும் பாருங்கள். மங்குகிற பென்சில்கள் பெரும்பாலும் அந்த வரிசையில்தான் இருக்கும். செங்காவி, பழுப்பு, கறுப்பு, வெள்ளை நான்கும் மூடிய பாதியிலும் மூடாத பாதியிலும் ஒரே மாதிரி இருப்பதைக் காணலாம்.